"எம்புட்டு நேரம்டா விழுந்தே?"

அண்ணன் மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். வந்த மறுநாளே பட்டாலையில் இருக்கும் டிவியில் பென்டிரைவைச் செருகி, தான் விமானத்திலிருந்து குதித்த வீடியோவைப் போட்டுவிட்டான். அம்மாவுக்கு 81 வயசு. முதல் தடவை முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். பேரன் எதிரிலேயே முழுசாக உட்கார்ந்திருக்கிறான் என்ற தைரியத்தில் இரண்டாம் தடவை நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எம்புட்டு நேரம்டா விழுந்தே?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும் அப்பத்தா."

"போடா, பத்து செகண்டு இருந்தா அதிகம். வீடியோவை இழுத்து ஓட்டியிருக்கான்" என்றார் அண்ணன். அவன் கொண்டுவந்திருந்த பளபளப்புச் சான்றிதழில் வேறு கணக்கு: 14,000 அடி, 60 விநாடி. ஒரு விழுதலுக்கு மூன்று விடை. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். காரைக்குடியில் 26 வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவள் நான். இதற்குக்கூட விடை சொல்லாவிட்டால் எப்படி?

பால் கணக்கு நோட்டின் பின் அட்டையில் ஆரம்பித்தேன். பாராசூட் இழுத்தது எந்த உயரத்தில் என்று கேட்டேன். வீடியோவில் பயிற்சியாளரின் மணிக்கட்டில் உயரமானி தெரிகிறது, 5,000 அடி. அப்படியானால் விழுந்தது 9,000 அடி, அதாவது 2,743 மீட்டர். உயரத்தை இரண்டால் பெருக்கி, 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 24 விநாடி வருகிறது. கடைசியில் வேகம் மணிக்கு 835 கிலோமீட்டர்.

"அயித்தை, அவ்வளவு வேகத்துல வந்திருந்தா என் கன்னம் ரெண்டும் அங்கேயே கழண்டு போயிருக்கும்" என்றான்.

சரி என்று வீடியோவை மறுபடி ஓட்டி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். கதவை விட்டுக் கால் விலகிய கணத்திலிருந்து பயிற்சியாளரின் கை பாராசூட்டை இழுக்கும் கணம்வரை 52 விநாடி. என் கணக்குப் பாதிக்கும் கீழே போய்விட்டது. தப்பு எங்கே என்று எனக்கு உடனே தெரிந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. 'காற்றின் தடையைப் புறக்கணிக்க' என்ற வரியை இத்தனை வருஷத்தில் எத்தனை கேள்வித்தாளில் எழுதியிருப்பேன்! இந்தப் பையன் காசு கொடுத்து அனுபவித்ததே அந்தக் காற்றின் தடையைத்தான்.

வாயால் சொன்னால் அண்ணனுக்குப் புரியாது. விசேஷத்துக்கு வாங்கி மிஞ்சிய தொன்னைக் கட்டு இரண்டாம் கட்டில் கிடந்தது. எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எங்கள் வீட்டு மாடிக் கைப்பிடியிலிருந்து வளவுத் தரை சரியாக 16 அடி, வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அளந்தது. கீழே அண்ணன் மகன் ஸ்டாப்வாட்சோடு நின்றான். முதலில் ஒரு கொட்டைப்பாக்கு: ஒரு விநாடி. ஆத்தங்குடிக் கல்லில் டக்கென்று விழுந்து உருண்டு போனது. அப்புறம் ஒரு தொன்னை. அது அவசரமே படவில்லை. முதல் ஒரு சாண் வேகம் பிடித்தது, அதற்குமேல் ஒரே சீராக, படி இறங்கும் பெரிய மனுஷி மாதிரி இறங்கி வந்து உட்கார்ந்தது. இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல்.

அதுதான் முற்றுத்திசைவேகம். வேகம் கூடக் கூடக் காற்று எதிர்த்துத் தள்ளுவதும் கூடும். அந்தத் தள்ளல் எடைக்குச் சமமானதும் வேகம் அதற்குமேல் ஏறாது, அங்கேயே நின்றுவிடும். தொன்னைக்கு அது விநாடிக்கு இரண்டரை மீட்டர் போல. வயிறு தரையைப் பார்க்க, கை கால் விரித்து விழும் மனிதனுக்கு விநாடிக்கு சுமார் 54 மீட்டர், மணிக்கு 195 கிலோமீட்டர்.

அடுத்து நான்கு தொன்னைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிப் போட்டேன். எடை நான்கு மடங்கு, காற்றுக்குக் காட்டும் பரப்பு அதே. முற்றுத்திசைவேகம் எடையின் வர்க்கமூலம்போல ஏறும் என்பதால் நான்குக்கு இரண்டு மடங்கு. நேரமும் அதற்கேற்ப ஒன்றேகால், ஒன்றரை விநாடிக்குள் வந்து சேர்ந்தது. இரண்டு தொன்னையைச் சொருகியபோதுதான் அண்ணன் மகன் கத்தினான்: "அயித்தை, இதுதான் நானும் அந்தப் பயிற்சியாளரும்!"

உண்மைதான். புதிதாகக் குதிப்பவரைப் பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டித்தான் தள்ளுகிறார்கள். ஆள் இரண்டு, பரப்பு ஏறக்குறைய ஒன்று. அப்படியே விட்டால் மணிக்கு 275 கிலோமீட்டரைத் தொடும். அதனால் குதித்த சில விநாடிகளில் முதுகுப் பக்கமிருந்து ஒரு சின்னப் பாராசூட்டை வெளியே விடுகிறார்கள். அது இருவரையும் பழைய 195 பக்கமே இழுத்துப் பிடிக்கிறது. வீடியோவில் பின்னால் ஆடிக்கொண்டிருந்ததே ஒரு துணி, அது எதற்கென்று அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. குதித்தவன் அவன்!

இனி நேரத்தைக் கணக்கிடுவது சுலபம். குதிக்கிறவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு இது: முதல் 1,000 அடிக்கு 10 விநாடி, அப்புறம் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை விநாடி. இவன் விழுந்த 9,000 அடிக்கு 10, அதோடு எட்டு ஐந்தரை 44, ஆக 54 விநாடி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இன்னும் சுருக்கம். மீட்டரை 54ஆல் வகு, 4 கூட்டு. 2,743ஐ வகுத்தால் 51, நாலைக் கூட்டினால் 55. அந்த 4 எதற்கென்றால், கதவை விட்டதுமே முழு வேகம் வந்துவிடாது. ஆரம்பத்தில் மெதுவாகப் போனதற்கான தண்டம் அது. சரியாகச் சொன்னால் 54ஐ 9.8ஆல் வகுத்து, இரண்டின் இயல் மடக்கையால் பெருக்க வேண்டும், 3.8 வரும். அண்ணன் அந்த இடத்தில் எழுந்து வெற்றிலைப் பெட்டியை எடுக்கப் போய்விட்டார்.

55க்கும் வீடியோவின் 52க்கும் நடுவே இருக்கும் மூன்று விநாடி என்னை உறுத்தியது. மேலே காற்று மெல்லிசு. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெல்லிய காற்றில் வேகம் கூடும், இறங்க இறங்கக் குறையும். அதாவது இவன் கீழே வர வர மெதுவாகிக்கொண்டே வந்திருக்கிறான். பயிற்சியாளர் வேறு நல்ல வாட்டசாட்டம். மூன்று விநாடிக்கு இது போதும்.

காற்றின் சேட்டை புரியவேண்டுமானால் அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கரைப் பார்க்க வேண்டும். 1960 ஆகஸ்டில் பலூனில் ஏறி 31 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். 2012 அக்டோபரில் ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டரிலிருந்து குதித்து, மணிக்கு 1,357 கிலோமீட்டர், ஒலியையும் மிஞ்சிப் போனார். ஆனால் அதிக நேரம் விழுந்தவர் குறைந்த உயரத்திலிருந்து குதித்த கிட்டிங்கர்தான்: 4 நிமிடம் 36 விநாடி. பாம்கார்ட்னருக்கு சுமார் 4 நிமிடம் 20. பம்பரமாகச் சுழலாமலிருக்க ஒரு சின்னப் பாராசூட் கிட்டிங்கரைப் பிடித்துக்கொண்டே வந்தது. எல்லாம் நம்ம பையனின் பின்னால் ஆடிய அந்தத் துணி விவகாரம்தான்.

அவன் சொன்ன இரண்டு நிமிஷத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. திருவிழா ராட்டினத்தில் இறங்கும்போது வயிறு கபகபவென்று மேலே வருமே, அது கொஞ்சமும் இல்லையாம். விமானம் ஏற்கெனவே வேகமாகப் போய்க்கொண்டிருந்ததால் கதவை விட்டதுமே காற்று தாங்கிக்கொள்கிறது. விழுவதாகவே தெரியாமல், இரைச்சலான காற்றின் மேல் படுத்திருப்பது போல இருந்ததாம். அப்படிப் படுத்திருப்பவனுக்கு மணி எங்கே தெரியும்? சான்றிதழின் 60தான் எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய பாராசூட் முழுதாக விரியும் அந்த நாலைந்து விநாடியைச் சேர்த்தாலும் 57தான். மீதியை அச்சடித்தவர்கள் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள்.

இதற்குள் அம்மா அடுப்படிக்குப் போய் வெள்ளைப் பணியாரத்துக்கு எண்ணெய் வைத்துவிட்டார். ஒரு உழக்குப் பச்சரிசிக்கு மேலே கோபுரமாக உளுந்து வைத்து அரைத்த மாவு. கரண்டியால் ஊற்றியதும் அடியில் போய், உப்பிக்கொண்டு மேலே வந்தது. மேலே எண்ணெயைத் தெளித்து, திருப்பி, சிவக்கவிடாமல் எடுத்து வடிதட்டில் போட்டார். ஸ்டாப்வாட்ச் கையில்தானே இருந்தது. 58 விநாடி.

"இவ்வளவுதானா? ஒரு பணியாரம்கூட வேகாது போலிருக்கே" என்றார்.

"அடுத்த தடவை 15,000 அடியிலேர்ந்து குதிக்கப் போறேன் அப்பத்தா. கொஞ்சம் கூடக் காசு, அவ்வளவுதான்."

"ஆயிரம் அடிக்கு ஐந்தரை விநாடி" என்றேன்.

வெற்றிலைப் பெட்டியோடு திரும்பி வந்த அண்ணன், "செகண்டுக்கு எவ்வளவுடா ஆகுது?" என்று கேட்டார். அவன் போனை எடுத்தான், டாலரை ரூபாயாக்கி வகுத்தான், கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். அப்புறம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "மிளகாய்த் துவையல் இன்னும் கொஞ்சம் வைங்க அப்பத்தா" என்று தட்டை நீட்டினான்.