அதியமான் கொடுக்காமல் இருந்திருக்கலாமா?

தமிழையா காலமானார் என்ற செய்தி வந்ததிலிருந்து நம் பள்ளி நண்பர்கள் குழுவில் எல்லோரும் அவருடைய பிரம்பையும் கையெழுத்தையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு ஒரே ஒரு பாடவேளைதான் நினைவில் நிற்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் புறநானூற்றின் 91-ஆம் பாட்டு, சாவைத் தள்ளிவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் தனக்குக் கொடுத்த அதியமானை ஔவையார் பாடியது. தகடூர் என்கிற தர்மபுரிப் பிள்ளைகளுக்கு அதியமானும் நெல்லிக்கனியும் புதிதா என்ன? பாதிப் பேர் ஜன்னல் வழியே பென்னாகரம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐயா புத்தகத்தை மூடிவிட்டு என்னை எழுப்பினார். “அவன் அந்தக் கனியைக் கொடுக்காம இருந்திருக்க முடியுமாடா?”

“முடியாதுங்கய்யா, அவன் வள்ளல்.”

“முடியாதுன்னா அப்புறம் எதுக்கு அவனைப் பாடணும்? தண்ணி பள்ளத்துக்கு ஓடுது. அதை யாராவது பாராட்டறாங்களா? யோசிச்சுட்டு உக்காரு.”

மணி அடிக்கும்வரை நின்றேன். மதியம் தட்டு வரிசையிலேயே எனக்கு ‘வள்ளல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்று அழுதேன். மறுநாள் ஐயா கரும்பலகையின் இடப்பக்கம் ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்ற குறளையும் வலப்பக்கம் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்ற குறளையும் எழுதினார். விதியைவிட வலியது எது என்கிறது முதலாவது, தளராமல் முயல்பவர் விதியையும் வெல்வார் என்கிறது மற்றது. இரண்டும் ஒரே வள்ளுவர் சொன்னவை. எது சரி என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது இங்கே வெளிநாட்டில், ஓர் ஆஸ்பத்திரியில் மூளை அலைகளைப் பதிவு செய்வது என் வேலை. மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-ல் வெளியிட்ட சோதனையைப் பற்றி இங்குதான் படித்தேன். விரும்பியபோது கையை அசைக்கச் சொன்னார்கள். அசைவுக்கு ஏறத்தாழ அரை நொடி முன்பே மூளையில் அலை எழுந்துவிட்டது. ‘அசைக்கப் போகிறேன்’ என்ற எண்ணமோ அசைவுக்கு 0.2 நொடி முன்புதான் வந்தது. அப்படியானால் மூளை முடிவெடுத்துவிடுகிறது, ‘நான்’ என்பது பின்னால் வந்து உரிமை கொண்டாடுகிறது என்று பலர் பேசினார்கள். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2012-ல் ஆரோன் ஷர்கர் என்ற இன்னொரு மூளை ஆய்வாளரின் குழுவினர் வேறு விளக்கம் தந்தார்கள்: மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் இரைச்சல் ஓர் அளவைத் தொடும்போது அசைவு நிகழ்கிறது, முன்னால் தெரியும் அலை முடிவாகவே இருக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்குத் தெளிவு தந்தது ஔவையார் பாட்டுதான். எட்டாத மலையுச்சிக் கனி. அதன் பயன் அதியமானுக்குத் தெரியும். தெரிந்தும் வெளியே சொல்லாமல் அடக்கிவைத்துக் கொடுக்கிறான். காரணமே இல்லாமல் விரலை அசைப்பதும் இதுவும் ஒன்றா? அரை நொடிக்குள் தேடினால் ‘நான்’ கிடைக்காதுதான். அறிந்து, ஆசையை அடக்கி, கொடுத்து, அதற்குப் பொறுப்பேற்கிற அந்த முழு மனிதனில் தேட வேண்டும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஊரை விட்டு வந்ததைப் பற்றி நாம் எல்லோரும் “சூழ்நிலை” என்றே சொல்கிறோம். மானாவாரி நிலம், அண்ணன் தலையில் கடன், எல்லாம் உண்மைதான். ஆனால் மழை பொய்த்ததை நினைத்தால் துக்கம் மட்டும் வருகிறது. தர்மபுரியிலேயே வேலை கிடைத்த பிறகும் விசாவை எடுத்துக்கொண்டதை நினைத்தால் மனசு அரிக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. நான் தங்கியிருக்க முடியும். தங்கவில்லை. முடிவு செய்தது நான்தான்.

இதை ஐயாவிடம் நேரில் சொல்ல ஆசைப்பட்டேன். ஒத்துக்கொண்டிருக்க மாட்டார், இன்னொரு கேள்வி கேட்டிருப்பார். அது என்னவாக இருக்கும் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.