குவாரிக்குக் கீழே உள்ள கிணற்று நீரைப் பரிசோதித்த அனுபவம்

மேலூர் வட்டாரத்தில் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே உள்ள கல் குவாரியில் வெடி வைத்து ஆழப்படுத்தத் தொடங்கிய பிறகு, எங்கள் கிணற்று நீரில் உவர்ப்பு ஏறிப் பருப்பு வேகாமல் போனது. குவாரிதான் காரணம் என்று ஊரே சொன்னாலும், ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கு ஊர்ப்பேச்சு போதாது என்பதால் நீரைப் பரிசோதிக்க முடிவு செய்தேன்.

மதுரையில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். மாதிரி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறும்வரை மோட்டாரை ஓடவிட்டு, அதே நீரால் கேனை மும்முறை அலசி, காற்று தங்காமல் விளிம்புவரை நிரப்பி, புல எண்ணையும் கிணற்றின் ஆழத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதி ஒட்ட வேண்டும்.

ஒரே கிணற்றின் முடிவை வைத்துக்கொண்டு குவாரியைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பகுதியின் கடும்பாறையில் உள்ள பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு இயல்பாகவே நீரில் கரைகிறது. நைட்ரேட் வெடிமருந்தின் அமோனியம் நைட்ரேட்டிலிருந்தும் வரலாம், யூரியாவிலிருந்தும் கழிப்பறைக் குழியிலிருந்தும் வரலாம். ஆகவே குவாரிக்கு மேட்டுப்புறக் கிணறு, குவாரிக் குழி, பள்ளத்தில் உள்ள எங்கள் கிணறு என மூன்று இடங்களிலும், மழைக்குப் பின்னும் சித்திரையிலும் மாதிரி எடுத்தேன். குழி நீரை இறைத்து வெளியேற்றும்போது பாறை விரிசல்கள் வழியே சுற்றுக் கிணறுகளின் நீரும் அங்கே வடியும் என்பதால், நீர்மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து குறித்துவந்தேன்.

இராமநாதபுரம் போன்ற வறண்ட கடலோரத்தில் இதே வேலையைச் செய்பவர்கள் உப்பின் அளவைக் காட்டும் குளோரைடைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. சுரங்கத்துக்காக இறைத்து நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியிலுள்ள உப்புநீரின் எல்லை கோட்பாட்டளவில் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறும். மழை குறைந்த மண்ணில் அப்படி ஏறிய உப்பு எளிதில் வெளியேறாது என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

எங்கள் முடிவுகளில் ஃபுளோரைடு மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால், அதை மனுவில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் மற்றக் கூற்றும் வலுவிழந்திருக்கும். நைட்ரேட் மட்டும் மேட்டுக் கிணற்றில் குறைந்தும், குழியிலும் எங்கள் கிணற்றிலும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டியும் இருந்தது. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, குவாரிக்கான சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளையும், அவை பின்பற்றப்படுவதைக் கூறும் அரையாண்டு இணக்க அறிக்கையையும் பெற்றேன். அவற்றைப் பரிசோதனை முடிவுகளின் அட்டவணையோடு மனுவில் இணைத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தேன். இரு தரப்பும் உடனிருக்க மாதிரி எடுக்க வேண்டும் என்ற என் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் அந்த மாதிரி எடுக்கப்பட உள்ளது.