வேளாண்மை என்றால் நெல்

"விவசாயம் எண்டே விடுவமா, சேர்?" என்று அலுவலகத்தில் என்னோடிருந்த பிள்ளை கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. வெள்ளத்தில் பயிர் அழிந்தவர்களை விண்ணப்பிக்கச் சொல்லி நாங்கள் எழுதிய பயிர்ச்சேத அறிவித்தலில் ‘விவசாயம்’ நாலு இடத்தில் வந்தது. நாலையும் ‘வேளாண்மை’ ஆக்கினேன். அகராதியும் ஒன்றுக்கு மற்றதைத்தானே பொருளாகத் தருகிறது?

மட்டக்களப்பில் வேளாண்மை என்றால் நெல். வேளாண்மை வெட்டு என்றால் நெல் அறுவடை. வெள்ளத்தில் கச்சானும் (நிலக்கடலை) சோளனும் அழிந்துபோன ஐயா ஒருவர், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து, விண்ணப்பத் திகதி முடிந்த பிறகு வந்தார்.

"வேளாண்மை எண்டுதானே போட்டிருந்திச்சு, மனே. நமக்கு வட்டைக்குள்ள காணி இல்லையே." வட்டை என்றால் நெல் வயல்வெளி.

நான் செய்தது பிழை என்றும் சொல்ல வரவில்லை. விவசாயம் வடமொழி ‘வியவசாய’த்திலிருந்து வந்தது, அங்கே முயற்சி, உறுதி என்றுதான் பொருள். வேளாண்மையோ, குறள் 81இல் விருந்தினருக்குச் செய்யும் உபகாரம். இரண்டுமே இடம் மாறி வந்த சொற்கள்தான். ஆனால் எந்த ஊரில் எந்த இடத்துக்கு மாறியது என்பதையல்லவா நான் பார்த்திருக்க வேண்டும்?

நிகண்டு அதைச் சொல்லாது. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைப் பாட்டில் அடுக்கித் தருவது அதன் வேலை. எதுகை மோனைக்குச் சொல் தேடும் புலவனுக்கு அது போதும், அறிவித்தல் எழுதுகிறவனுக்குப் போதாது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி பழைய பொருளுக்கு நல்ல துணை. இன்றைய வழக்குக்கு 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை எடுப்பேன். எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும், பிந்திய பதிப்பில் இலங்கை வழக்குக்குத் தனிக் குறியும் உண்டு. அந்தக் குறிகூட மட்டக்களப்பையும் யாழ்ப்பாணத்தையும் பிரித்துக் காட்டாது.

இப்போது சொல்லை மாற்றினால், புதுச் சொல்லையே திரும்பத் தேடி, அதன் முதல் பொருள் நான் நினைத்ததுதானா என்று பார்க்கிறேன். ஒரே சொல் நாலு தரம் வந்தாலும் விடுகிறேன். கட்டுரையில் அது குறை, அறிவித்தலில் இல்லை. பிறகு வாசலில் காத்திருக்கும் யாருக்காவது வாசித்துக் காட்டி, "இது ஆருக்கு?" என்று கேட்கிறேன். அன்று கேட்க நேரமில்லை என்பது உண்மை. கேட்கத் தோன்றவில்லை என்பது அதைவிட உண்மை. ‘விவசாயம்’ என்றிருந்தாலும் அவர் பிந்தித்தான் வந்திருப்பாரோ என்றும் சில நாள் நினைப்பேன். எனக்கு வசதியான நினைப்பு.

அடுத்த அறிவித்தலில் பொதுச்சொல்லே வேண்டாமென்று நெல், கச்சான், சோளன், மிளகாய் எனப் பெயர் பெயராகப் போட்டோம். முதல் நாளே ஒரு அம்மா வந்து கேட்டா:

"மரவள்ளிக்கு இல்லையா, தம்பி?"