இதயத்தை டயஸ்டோலில் இருந்து படியுங்கள்: முதலாண்டு பிசியாலஜி அனுபவம்

முதலாண்டு எம்பிபிஎஸ் ரிசல்ட் வந்துவிட்டது. மூன்று பாடத்திலும் பாஸ். கோத்தகிரி பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவள் நான். மலையிலிருந்து அடுத்து வரப்போகிற தம்பி தங்கைகளுக்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். அனாட்டமி, பயோகெமிஸ்ட்ரி பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பிசியாலஜியில் (உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் பாடம்) இதயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என்னைக் கரை சேர்த்தது அந்த ஒரு பகுதிதான்.

"கார்டியாக் சைக்கிளை நல்லா படி. கரோனரி சர்க்குலேஷன் வெறும் ஷார்ட் நோட், கடைசியில் பார்த்துக்கலாம்" என்று சீனியர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்த அறிவுரையின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கார்டியாக் சைக்கிள் என்பது ஒரு துடிப்பில் இதயம் சுருங்கித் தளரும் சுழற்சி. கரோனரி சர்க்குலேஷன் என்பது இதயத் தசைக்கே போகும் ரத்த ஓட்டம். இரண்டையும் பிரித்தால் இரண்டுமே மனப்பாடச் சுமை. சேர்த்தால் ஒன்றை வைத்து இன்னொன்றை நீங்களே எழுதிவிடலாம்.

நான் செய்தது இதுதான். தாளில் முதலில் ஒரு நேர்கோடு. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுழற்சி 0.8 வினாடி. அதில் வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) சுருங்குவது, அதாவது சிஸ்டோல், சுமார் 0.3. தளர்ந்திருப்பது, அதாவது டயஸ்டோல், சுமார் 0.5. கோட்டுக்கு மேலே பெருந்தமனி அழுத்தமும் இடது வெண்ட்ரிக்கிள் அழுத்தமும். கீழே வால்வுகள், இதய ஒலிகள், இசிஜி. எல்லாவற்றுக்கும் கீழே இடது கரோனரி ரத்த ஓட்டம். இந்தக் கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை வரையாமல் ஒரு நாளும் தாளை மூடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இதயத்தின் உள்ளே எவ்வளவு ரத்தம் நிறைந்திருந்தாலும் அதன் தடித்த சுவருக்கு அதிலிருந்து போதிய ஆக்சிஜன் கிடைக்காது. பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலே பிரியும் இரண்டு கரோனரி தமனிகள் வழியாகத்தான் வர வேண்டும். இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது அந்தத் தசையே தனக்குள் ஓடும் குழாய்களை நசுக்கிவிடுகிறது, தோட்டத்து ரப்பர் குழாயைக் காலால் மிதித்த மாதிரி. உடம்பு முழுவதற்கும் ரத்தம் போகிற நேரத்தில் இடது வெண்ட்ரிக்கிளுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. தளர்ந்த பிறகுதான் அதன் பங்கு வருகிறது. வலது வெண்ட்ரிக்கிளில் அழுத்தம் 25 மி.மீ. பாதரசம் அளவில்தான் இருப்பதால் அங்கே இரண்டு நேரத்திலும் ஓட்டம் உண்டு. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதினாலே விடை நிமிர்ந்து நிற்கும்.

அடுத்த விஷயம் எனக்குப் புரிந்தது அம்மாவை நினைத்துத்தான். கொழுந்து மூட்டையோடு சரிவில் மேடு ஏறுகிறார். காலில் உள்ள தசை ஓய்வில் இருக்கும்போது ரத்தத்திலிருந்து கொஞ்சம் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். வேலை கூடினால் அதே ரத்தத்திலிருந்து இன்னும் எடுத்துக்கொள்ளும். இதயத்துக்கு அந்த வசதி குறைவு. ஓய்விலேயே வருகிற ஆக்சிஜனில் 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. ஆகவே தேவை கூடினால் அதற்கு இருக்கிற முக்கியமான வழி, ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது. அடினோசின் போன்ற பொருட்கள் குழாய்களை விரிக்கின்றன. ஓட்டம் நான்கைந்து மடங்கு வரை உயர முடியும். கொழுப்பு படிந்து குழாய் குறுகியவருக்கு இந்த உயர்வு கிடைக்காது. அதனால்தான் சும்மா உட்கார்ந்திருக்கையில் இல்லாத நெஞ்சுவலி மேடு ஏறும்போது வருகிறது. ஊட்டி மாதிரி 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊரில், கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் முக்கால் பங்கு அளவுதான். நம் ஊரில் வேலை செய்கிறவர்களின் இதயம் என்ன பாடுபடுகிறது என்று நினைத்துப் படித்தால் பாடம் மறக்காது.

மனதில் நிற்க வேண்டிய எண்கள்:

- ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் 70 மி.லி., நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர்
- டயஸ்டோல் முடிவில் வெண்ட்ரிக்கிளில் சுமார் 120, சிஸ்டோல் முடிவில் மிச்சம் சுமார் 50 மி.லி.
- ஓய்வில் கரோனரி ஓட்டம் நிமிடத்துக்கு சுமார் 250 மி.லி., அதாவது மொத்தத்தில் 5 சதவீதம்
- துடிப்பு 200 ஆனால் சுழற்சி 0.3 வினாடி, டயஸ்டோல் வெறும் 0.14 வினாடி அளவு

கடைசி எண்ணை நன்றாகக் கவனியுங்கள். வேகம் கூடும்போது சிஸ்டோலைவிட டயஸ்டோல்தான் அதிகம் சுருங்குகிறது. தேவை கூடுகிறது, பெறும் நேரம் குறைகிறது. பீட்டா பிளாக்கர் என்ற மருந்து ஏன் நெஞ்சுவலிக்கு உதவுகிறது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டார்கள். கோட்டை மனதில் ஓட்டிப் பார்த்தேன், பதில் தானாக வந்தது: துடிப்பு குறைகிறது, டயஸ்டோல் நீள்கிறது, தேவையும் இறங்குகிறது. பெருந்தமனி வால்வு கசிந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் அதே கோடுதான். டயஸ்டோலிக் அழுத்தம் விழும், கரோனரியைத் தள்ளும் விசையும் விழும். முதலில் அடிபடுவது உட்சுவரை ஒட்டிய தசை.

அப்புறம், குழுவாக உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒத்துவரவே இல்லை. விடியற்காலைக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையால் வரைந்து, வாய்விட்டுத் தமிழில் விளக்கிவிட்டு, அதன்பின் ஆங்கிலத்தில் எழுதுவேன். தமிழ் வழியில் வந்தவர்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பேன். வீடியோ பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், பேனா எடுத்தால் கை நகராது.

தேர்வு அறையில்:

- இதயம் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் கோடு, பிறகு எழுத்து
- படத்தில் அம்புக்குறியும் பெயரும் பென்சிலில்
- எண் எழுதினால் அலகும் கூடவே
- கரோனரி சைனஸ் (இதயத் தசையின் ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் பெரிய சிரை) வலது ஏட்ரியத்தில் (மேலறையில்) திறக்கிறது என்ற வரியை எழுத மறக்க வேண்டாம்