ஓட்டாத பைக்குக்கு வந்த ஏ.ஐ. கேமரா அபராதம்

ஹெல்மெட் போடாமல் பாலக்காட்டில் பைக் ஓட்டினேனாம், 500 ரூபாய் அபராதம் என்று எஸ்.எம்.எஸ். வந்தது. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் யாரிடம் சொன்னாலும், "ஐநூறு ரூபாதானே, கட்டித் தொலைங்க" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. என்னிடம் இருப்பது ஸ்கூட்டர், பைக்கே கிடையாது.

போலி சலான் மெசேஜ்கள் நிறைய சுற்றுவதால் அதிலிருந்த லிங்கைத் தொடவில்லை. அட்சயா என்கிற கேரள அரசு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டேன். சலான் நிஜம்தான். முதலில் பார்க்க வேண்டியது படத்தை. அதில் ஒரு கறுப்பு பைக். என்னுடையது வெள்ளை ஸ்கூட்டர். பெரிதாக்கினால் நம்பர் பிளேட்டில் ஓர் 8, இடப்பக்கம் பெயிண்ட் உதிர்ந்து 3 போல நின்றது. கேமரா கண்டதை வாசித்திருக்கிறது, அந்த எண் என் வண்டியுடையது.

கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் இந்தக் கேமராக்கள் அபராதம் போடுகின்றன. மொத்தம் 726, அதில் 675 ஏ.ஐ. கேமராக்கள். இயந்திரம் பிடிப்பதைக் கட்டுப்பாட்டு அறையில் ஆள் பார்த்த பிறகே சலான் போகும் என்பது ஏற்பாடு. ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்கும் கண், ஆர்.சி.யில் இருப்பது ஸ்கூட்டரா பைக்கா என்றும் பார்க்குமா?

ஏ.ஐ.க்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. நமக்குக் கைகொடுப்பது மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ. கேமரா வழியாக வரும் சலானில் குற்றத்தைக் காட்டும் தெளிவான படம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது அது. படம் இல்லாத சலான் என்றால் அந்தப் படத்தைக் கேளுங்கள்.

நான் ஆட்சேபம் சொல்லப் போன இடம், விதிமீறல்களைக் கவனிக்கும் மாவட்ட என்ஃபோர்ஸ்மென்ட் ஆர்.டி.ஓ. அலுவலகம். 2023-இல் இந்தக் கேமராக்கள் வந்தபோது, நோட்டீஸ் கிடைத்து 14 நாளுக்குள் போய்விட வேண்டும் என்று இருந்தது. மனுவைப் பக்கத்து வீட்டுச் சேச்சி மலையாளத்தில் எழுதித் தந்தார். சலான் படம், ஆர்.சி. நகல், நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி என் ஸ்கூட்டரின் போட்டோ: இவ்வளவுதான் இணைத்தேன். மேசையிலிருந்தவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், சிரித்துவிட்டார். பிறகு தளத்தில் பார்த்தபோது சலான் நிலுவையில் இல்லை.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன்: "அந்த பைக் இன்னமும் ஓடுமே சார், மறுபடியும் எனக்கே வந்தால்?"

"இதே மனுவை தேதி மாற்றிக் கொண்டுவாங்க."

சேச்சியிடம் தேதிக்கு இடம் விட்டு இன்னொரு பிரதி எழுதி வாங்கிவிட்டேன்.