பாலிஷ் போடாத கத்தி இருக்கா பாய்?

பழைய வேட்டைக் கத்தி சேர்க்கிறேன் என்றால், செட்டிநாட்டில் வேட்டைக் கத்தியா என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். வட்டிக்கடை வைத்துப் பிழைத்த எங்கள் ஆட்களுக்கும் காட்டெருமைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஏதாவது ஒரு பழைய சாமான் கடைக்குள் நுழைந்து, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், வெண்கலப் பூட்டு எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால், எங்காவது ஒரு தகர டப்பாவில் துருப்பிடித்த கத்தரிக்கோல்களோடு ஒன்றிரண்டு உறைக்கத்தி கிடக்கும். பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் மட்டுமா கொண்டுவந்தார்கள்? தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது, ஏலத்தில் சாமானோடு சாமானாக வந்தது, கடன்காரன் கையில் காசில்லாமல் வைத்துவிட்டுப் போனது என்று எப்படியும் வந்திருக்கலாம். இது என் ஊகம்தான். வீடுகளைப் பிரித்து விற்கும்போது டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து கத்தி வெளியே வரும், ஆனால் அது எப்படி வந்தது என்று சொல்ல அந்த வீட்டில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் கத்தியைத்தான் கேட்க வேண்டும். கத்தி பதில் சொல்லும், கடைக்காரர் அதற்கு பாலிஷ் போடாமல் இருந்தால்.

இங்கேதான் எனக்கும் கடைக்கார பாய்க்கும் ஓயாத சண்டை. அவரைப் பொறுத்தவரை துரு என்றால் அழுக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பஃபிங் மெஷினில் கொடுத்து, பித்தளைப் பூணைப் புளி போட்டு விளக்கி, "பாருங்க தம்பி, கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார். உண்மைதான், முகம் தெரிகிறது, கத்திதான் தெரியவில்லை. இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டில் அடித்த கம்பெனி முத்திரை கைப்பிடிக்குப் பக்கத்தில், கூர் வைக்காத கழுத்துப் பகுதியில் இருக்கும். பஃபிங் சக்கரம் முதலில் தின்பதும் அதைத்தான்.

அந்த முத்திரையில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஜோசப் ராட்ஜர்ஸ், 1682-இல் பதிவான குறி அது. ஐ எக்ஸ் எல் என்ற எழுத்துகள் இருந்தால் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம். கிரீடத்தோடு வி.ஆர். என்று இருந்தால் விக்டோரியா காலத்துப் பாணி, 1901 வரைக்கும். ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர்கள், பெரும்பாலும் 1910-க்குப் பிறகு. இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் சேர்த்து அடித்திருந்தால் பெரும்பாலும் 1890-க்குப் பின்னால் வந்தது, ஏனென்றால் அந்த வருஷம் அமெரிக்கா போட்ட மெக்கின்லி வரிச் சட்டத்தில்தான் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று வந்தது. அமெரிக்காவுக்கு அடித்த முத்திரை நம் ஊர்க் கத்திகளிலும் வந்துவிட்டது. இன்னொரு விஷயம், ராட்ஜர்ஸ் என்று பார்த்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். வில்லியம் ராட்ஜர்ஸ் என்று வேறொன்று உண்டு, 'ஐ கட் மை வே' என்று போட்டிருக்கும். அதுவும் ஷெஃபீல்டுதான், நல்ல கத்திதான், ஆனால் சாரணர் பையன்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்த ரகம் அதில் ஏராளம். விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

போலி முத்திரையைக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி போதும். அசல் முத்திரை இரும்புக்குப் பதம் ஏற்றும் முன்பே அடித்தது, கத்தியோடு சேர்ந்தே அதுவும் தேய்ந்து துருவேறி வந்திருக்கும். துருக்குழிகளின் மேலே எழுத்து புதுசாக ஓடினால், அமிலம் வைத்துப் பிறகு போட்டது. அந்தத் துருக்குழியையும் சேர்த்தே அமிலத்தில் போட்டு எடுக்கிற கில்லாடிகளும் இருக்கிறார்கள், அவர்கள் சரக்கில் கத்தியின் முதுகு, வயிறு, கழுத்து எல்லாம் ஒரே மாதிரி குழி விழுந்திருக்கும். நிஜத்துரு அப்படி சமமாக வராது.

சரி, நம்ம வீட்டுக் கத்திக்கு வருகிறேன். ஐயா, அதாவது தாத்தா, மலாயாவில் ஈப்போவிலிருந்து கொண்டுவந்தது. ஐந்து அங்குல அலகு, நுனிப்பக்கம் முதுகு குழிந்து ஏறும், தோல் உறை. எங்கள் வீட்டில் அதை மான்கொம்புப் பிடி என்றே சொல்வார்கள். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் பிடியில் பொடிப் பொடியாகக் கருப்புப் புள்ளிகள், மெல்லிய கோடுகள். அது மாட்டெலும்பு. மான்கொம்பு மாதிரி தெரிய வேண்டும் என்று பள்ளம் பள்ளமாகச் செதுக்கிச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். ஷெஃபீல்டு கத்திகளின் அசல் கொம்புப் பிடிகளுக்கு நம் நாட்டு மிளாவின் கொம்புதான் கப்பலேறிப் போனது. இங்கிருந்து கொம்பாகப் போனது பிடியாகத் திரும்பி வந்து விற்றது என்பது வேறு கதை. அலகின் வயிற்றுப்பகுதி, தோலுரிக்கும்போது வேலை செய்ய வேண்டிய இடம், கிட்டத்தட்டத் தேயவே இல்லை. நுனி மட்டும் ஒடிந்து, யாரோ கல்லில் உரசிச் சரிசெய்திருக்கிறார்கள். பால் டின் திறந்திருப்பார்கள், பெட்டிக் கயிறு அறுத்திருப்பார்கள். மான் எதையும் பார்த்த கத்தி இல்லை என்பது என் முடிவு. அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, இதில் கொஞ்சம் வருத்தம், அவர் சின்ன வயதில் கேட்ட கதையில் புலி இருந்தது.

அலகில் ஓடும் நீளப் பள்ளம் ரத்தம் வடிவதற்கு என்று எந்தக் கடையில் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். எடையைக் குறைக்கத்தான் அது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கவனம் வேண்டும். முதல் விதி, கத்தியை உறைக்குள் வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் அமிலம் இருக்கும், ஈரத்தையும் உறிஞ்சும், தோல் பித்தளையைத் தொடும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு பூக்கும். உறை தனி, கத்தி தனி. தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும். சிவப்புத் துரு இருந்தால் எண்ணெயில் ஊறவிட்டு, பழைய காலணாக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டினால் வந்துவிடும். காசு இரும்பை விட மெது, அலகில் கீறல் விழாது. கருஞ்சாம்பல் நிறத்தில் படிந்திருப்பதைத் தொடவே கூடாது. அது இருக்கும் வரைக்கும் இரும்புக்கு ஓரளவு பாதுகாப்பு, வயசுக்குச் சாட்சியும் அதுதான்.

அப்புறம் ஆயுத பூஜை. ஆத்தா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும் என்பார். ஈரச் சந்தனம் ராத்திரி முழுக்க அலகில் இருந்தால் காலையில் வட்டமாக ஒரு துருப்பொட்டு நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும், எலுமிச்சம்பழம் என்றால் இன்னும் மோசம். பேச்சுவார்த்தைக்குப் பிறகு இப்போது பொட்டு மேசைக்கு மட்டும்.

மேசை என்றது கணக்குப்பிள்ளை மேசையை, தரையில் உட்கார்ந்து எழுதும் சாய்வு மேசை. சுவரில் மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும்தான், ஆனால் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஒரு ஆணி அடித்தால் கையகலத்துக்கு உதிரும், அதைப் பூச ஆள் தேடி அலைய வேண்டும். ஆகவே மேசையின் மூடிக்குக் கண்ணாடி போட்டு, உள்ளே பழைய வேட்டியை மடித்து விரித்திருக்கிறேன். வெல்வெட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூலையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். கத்திகளை முத்திரை மேலே தெரியும்படி வைத்து, பக்கத்தில் உறை, ஒரு சின்ன அட்டையில் எந்த ஊரில் கிடைத்தது, என்ன தேய்ந்திருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் சாமான் பரப்புகிற ஊர்க்காரனுக்கு அடுக்கி வைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்குபவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்குச் செய்தது இல்லையென்றால், ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும். தந்தப் பிடி, கொம்புப் பிடி எதையும் நான் கடையில் வாங்குவதில்லை, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டியதை சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி கேட்டாலும் அனுப்ப முடியாது, அதற்குத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது.

பாயோடு இப்போது சமாதானம். எனக்கென்று துருவோடு எடுத்து வைக்கிறார். "கை வைக்கலை தம்பி, அப்படியே இருக்கு" என்று காகிதத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு, பாலிஷ் போட்டதை விட இருநூறு ரூபாய் கூடச் சொல்கிறார்.