‘ஒரு பைசா திரும்பாது’ என்றார்கள். 846 ரூபாய் திரும்பியது

கடந்த ஆவணியில் சென்னையில் என் தங்கைக்கு வளைகாப்பு. அப்பா, அம்மா, நான் ஆகிய மூவரும் அம்பாசமுத்திரத்திலிருந்து வாகைக்குளம் சென்று தூத்துக்குடி விமான நிலையத்தில் விமானம் ஏறுவதாக ஏற்பாடு. ரயிலில் படுக்கை கிடைக்காததால் பாளையங்கோட்டையில் உள்ள ஒரு டிராவல்ஸில் மூன்று டிக்கெட்டுகளை ஒரே பி.என்.ஆரில் எடுத்தேன். அதுவரை எல்லாம் சுலபமாகவே நடந்தது.

பயணத்துக்கு மூன்று நாள் முன்னர் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. அவருடைய டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யச் சொல்லி டிராவல்ஸுக்குப் போன் செய்தேன். “ஆஃபர் டிக்கெட்டு அண்ணாச்சி, கேன்சல் பண்ணுனா ஒரு பைசா திரும்பாது” என்றார் அங்கிருந்த தம்பி. நேரில் பேசினால் வழி பிறக்கும் என்று நம்பி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பஸ்ஸில் உட்கார்ந்து பாளையங்கோட்டை போனேன். அங்கும் அதே பதில்தான். உரிமையாளர் வெளியூர் போயிருப்பதாகவும் இரண்டு நாள் கழித்து வரும்படியும் சொன்னார்கள். மறுநாளைக்கு மறுநாள் எங்களுக்கே பயணம் என்பதை எடுத்துச் சொன்னபோதும் யாரும் கணினியைத் திறந்து பார்க்கவில்லை. டிக்கெட்டை ரத்து மட்டும் செய்து தரச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும் வழியில் டிக்கெட்டின் கட்டண விவரத்தை முதன்முறையாக வரி வரியாகப் படித்தேன். அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே விமான நிலையப் பயனர் மேம்பாட்டுக் கட்டணம், விமானப் பாதுகாப்புக் கட்டணம், ஜி.எஸ்.டி. ஆகியவை தனித்தனியாக இருந்தன. இவை விமான நிறுவனத்தின் வருமானம் அல்ல. விமான நிலையத்துக்கும் அரசுக்கும் சேர வேண்டியவற்றை நிறுவனம் நம்மிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பயணமே நடக்காதபோது அதை அவர்கள் வைத்துக்கொள்ள நியாயம் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமாகிய டி.ஜி.சி.ஏ.வின் விதியும் இதையே சொல்கிறது. டிக்கெட்டை ரத்து செய்தாலும், பயணத்துக்கே வராமல் போனாலும், சட்டப்படியான வரிகளையும் இந்த விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். அடிப்படைக் கட்டணம் திரும்பாத சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். ரத்துக் கட்டணம் என்ற பெயரில் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டி எதையும் பிடிக்கக் கூடாது. இந்த விதியை முன்பே அறிந்திருந்தால் அன்று அலைந்த நேரத்தை அப்பாவின் பக்கத்தில் இருந்து கழித்திருப்பேன்.

வீட்டில் அந்தப் பில்லை மறுபடியும் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நாங்கள் கேட்காத பயணக் காப்பீடு ஒருவருக்கு 199 ரூபாய் வீதம் சேர்க்கப்பட்டிருந்தது. டிக்கெட்டை நாமே எடுத்தாலும் சரி, கடையில் எடுத்தாலும் சரி, பணம் கட்டும் முன் இந்த இடத்தைக் கட்டாயம் பாருங்கள். இருக்கைத் தேர்வு, சாப்பாடு, முன்னுரிமை போன்ற கூடுதல் சேவைகள் அனைத்தும் பயணி விரும்பிக் கேட்டால் மட்டுமே சேர வேண்டியவை. விமான நிலையம் போகும் முன் இணையத்திலேயே வருகையைப் பதியும் வெப் செக்-இன் செய்யும்போது திரை முழுவதும் விலை போட்ட இருக்கைகளாகத் தெரிந்ததால், பணம் கட்டினால்தான் இடம் என்று அம்மா பயந்துவிட்டார். தேர்வு செய்யாமல் கடந்து போனால் ஏதோ ஓர் இருக்கை இலவசமாகவே ஒதுக்கப்படும். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது, அதுவும் அடுத்தடுத்த இருக்கைகள்.

பயண நாளில் நடந்தது என் தவறு. ஒருவருக்கு 15 கிலோ வீதம் மூவருக்கு 45 கிலோ என்று கணக்கிட்டு அம்மா சீர்ப் பொருட்களைக் கட்டியிருந்தார்: உடன்குடிக் கருப்பட்டி, காருக்குறிச்சி மண்சட்டிகள், முறுக்கு, பித்தளைப் பாத்திரங்கள். அப்பாவின் டிக்கெட்டோடு அவருடைய 15 கிலோவும் போய்விட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கவுன்ட்டரில் எடை 38 கிலோ காட்டியது. கூடுதல் 8 கிலோவுக்குக் கிலோவுக்கு 600 ரூபாய்க்கு மேல் என்றால், கருப்பட்டியின் விலையை விட அதைத் தூக்கிச் செல்லும் கூலி அதிகம். முந்தின நாளே நிறுவனத்தின் இணையத்தில் கூடுதல் எடை வாங்கியிருந்தால் குறைவாக முடிந்திருக்கும். புறப்படச் சில மணி நேரம் இருக்கும்போதே அந்த வழி அடைபட்டுவிடுகிறது. நல்லவேளையாக எங்களைக் கொண்டுவந்து விட்ட காரின் ஓட்டுநர் இன்னும் வாசலில் இருந்தார். மண்சட்டிகளையும் கருப்பட்டியில் பாதியையும் பிரித்து அவரிடம் கொடுத்து அனுப்பினோம். மிஞ்சிய ஒரு கிலோவுக்கு மட்டும் பணம் கட்டினேன். வரிசையில் நின்றவர்கள் முன்னால் மூட்டையை அவிழ்த்துக் கட்டிய அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. புறப்படும் முன்பே அரிசிக் கடைத் தராசில் எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் அந்த முகம்தான்.

சென்னையிலிருந்து முதலில் விமான நிறுவனத்துக்கு எழுதினேன். கடையில் எடுத்த டிக்கெட் என்பதால் கடையையே கேட்கும்படி பதில் வந்தது. இதுவும் தவறான பதில். முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. முகவர் அவர்களுடைய பிரதிநிதி என்பதுதான் காரணம். அதை 30 வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. அந்த விதியை மேற்கோள் காட்டி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மறுபடி எழுதினேன். அதோடு மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் டிக்கெட், ரத்துச் சான்று, அவர்களுடைய பதில் ஆகிய மூன்றையும் இணைத்துப் புகார் பதிந்தேன். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கேள்வி கேட்டே நாள் ஓடிவிடும். நான் முதலில் ரத்துச் சான்றை இணைக்க மறந்து நான்கு நாள் இழந்தேன்.

காய்ச்சல் தணிந்த அப்பா, தட்கலில் ஓர் இடம் கிடைத்து, வளைகாப்புக்கு முந்தின இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, அந்த மண்சட்டிகளோடு காலையில் எழும்பூரில் வந்து இறங்கினார்.

புகார் பதிந்த 19ஆம் நாள் டிராவல்ஸிலிருந்து அழைப்பு வந்தது. முன்பு ஒரு பைசா திரும்பாது என்ற அதே தம்பி, “அண்ணாச்சி, 846 ரூபா வந்திருக்கு, வந்து வாங்கிக்கிடுங்க” என்றார். வரமாட்டேன், என் வங்கிக் கணக்கில் போடுங்கள் என்றேன். அன்று மாலையே போட்டார்கள். கேட்காமல் சேர்த்த காப்பீட்டுத் தொகை மட்டும் இன்னும் திரும்பவில்லை. மூவருக்கும் சேர்த்து 597 ரூபாய். அதற்கான கடிதத்தை நேற்றுதான் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.